ஒரே மாத்திரையில் 2 பிபி மருந்து... அளவு சரியா இருக்கா? ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

பிபி இருக்கிற பலரின் மாத்திரை அட்டையில் 'டெல்மிசார்ட்டான் 40 மி.கி + அம்லோடிபின் 5 மி.கி' என்று போட்டிருக்கும். இரண்டுமே ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. வேலை செய்யும் வழிதான் வேறு. ஒரே மாத்திரை என்பதால் மறக்காமல் போடுவதும் சுலபம். சரி, அந்த 40-ம் 5-ம் உள்ளே நிஜமாவே இருக்கா?

மொத்தமாக அளந்தால் என்ன சிக்கல்?

அட்டையில் போட்ட அளவில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் மருந்து இருக்க வேண்டும் என்பதே பொதுவான வரம்பு. அம்லோடிபின் 5-க்குப் பதில் 3 மி.கி-தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 45-க்கு 43 மி.கி. அதாவது சுமார் 96 சதவீதம், பாஸ்! ஆனால் அம்லோடிபின் மட்டும் பார்த்தால் வெறும் 60 சதவீதம். பிபி கட்டுக்குள் வராது, காரணமும் தெரியாது. அதனால்தான் இரண்டையும் பிரித்து அளக்கிறார்கள்.

பிரிப்பது எப்படி?

இதற்கான கருவிதான் 'எச்பிஎல்சி' எனப்படும் உயர் திறன் திரவ குரோமட்டோகிராபி. மாத்திரையைப் பொடித்து, திரவத்தில் கரைத்து, வடிகட்டி, அதில் சில மைக்ரோலிட்டர் மட்டும் கருவிக்குள் செலுத்துவார்கள். அதிக அழுத்தத்தில் ஓடும் திரவம், நுண்துகள்கள் நிரம்பிய ஒரு எஃகுக் குழாய் வழியாக அதை இழுத்துச் செல்லும்.

திருவிழாக் கடைத்தெருவில் ரெண்டு பேர் சேர்ந்து நுழைகிறார்கள். ஒருத்தர் நேரா போயிடுவார். இன்னொருத்தர் கடைக்குக் கடை நின்னு பார்த்துட்டு லேட்டா வருவார். இங்கேயும் அதே கதைதான். துகள்களோடு அதிகம் ஒட்டும் மருந்து பின்னால் வரும்.

வெளியே வரும்போது புறஊதா ஒளி பாய்ச்சப்படும். ஒவ்வொரு மருந்துக்கும் திரையில் ஒரு 'மலை முகடு' தோன்றும். அதன் பரப்பளவை, அளவு தெரிந்த தூய மருந்தின் முகட்டோடு ஒப்பிட்டால் எத்தனை மி.கி என்பது தெரிந்துவிடும்.

சராசரி மட்டும் போதுமா?

போதாது. பல மாத்திரைகளைச் சேர்த்துப் பொடித்தால் சராசரிதான் கிடைக்கும். ஒன்றில் 3, இன்னொன்றில் 7 மி.கி இருந்தாலும் சராசரி 5! குறைந்த அளவில் சேரும் அம்லோடிபின் மாதிரி மருந்துகள் தயாரிப்பின்போது சீராகக் கலக்காமல் போக வாய்ப்பு அதிகம். அதனால் மாத்திரைகளை ஒவ்வொன்றாகவும் சோதிக்க வேண்டும்.

ஃபெயில் ஆனால்?

தரமற்ற மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. 2024 ஆகஸ்ட் மாதப் பட்டியலில் டெல்மிசார்ட்டான் மாத்திரையும் இருந்தது. ஆனால் ஃபெயில் ஆவது குறிப்பிட்ட 'பேட்ச்' மட்டுமே. அந்த மருந்தே மோசம் என்று அர்த்தமில்லை.

எனவே பயந்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. அட்டையில் உள்ள பேட்ச் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அட்டையையும் பில்லையும் எடுத்துக்கொண்டு டாக்டரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்.