உஷார்! கரண்ட் போகும் நிமிடத்தில்தான் சம்ப் கவிழ்க்கும்

கடல் மீன் தொட்டிக்குச் சொந்தமாக சம்ப் கட்டும் எண்ணம் இருக்கிறதா? கண்ணாடி வெட்டக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கரண்ட் இருக்கும்வரை எப்படிக் கட்டிய சம்ப்பும் ஓடும். மேல் தொட்டியிலிருந்து வழியும் நீர் பைப் வழியாக அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டியான சம்ப்புக்கு இறங்கும். ஸ்கிம்மர் அழுக்கை நுரையோடு எடுக்கும். ரெஃப்யூஜியம் என்கிற பாசி அறை நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும். பம்ப் நீரை மறுபடி மேலே அனுப்பும். வினை வருவது பம்ப் நிற்கிற நிமிடத்தில், அது திரும்ப ஓடத் தொடங்குகிற நிமிடத்தில். காற்று பலமாக அடித்தாலே கரண்ட் போகிற நம் ஊர்களில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

பம்ப் நின்றதும் என்ன நடக்கிறது? நீரை மேலே கொண்டுபோகும் பைப்பின் வாய் மேல் தொட்டியில் மூழ்கியிருக்கிறது. தள்ளுவதற்கு ஆள் இல்லை என்றதும் அதே பைப் நீரைக் கீழே உறிஞ்சத் தொடங்கும். பைப் வாய் காற்றைத் தொடும்வரை அது நிற்காது. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது ஐந்து லிட்டருக்கு மேல். பைப் வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 27 லிட்டருக்கு மேல் கீழே வரும். பைப்புகளிலும் வழிவுப் பெட்டியிலும் நிற்பதைச் சேர்த்தால் 30 லிட்டரைத் தாண்டும். கீழே இரண்டரை அடிக்கு ஒரு அடி சம்ப் வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்த 30 லிட்டருக்கு அதில் 13 சென்டிமீட்டராவது காலி இடம் வேண்டும். பெரும்பாலானவர்கள் "நிறைய தண்ணீர் இருந்தால் நல்லது" என்று சம்ப்பை விளிம்புவரை நிரப்பி வைக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் மிச்சமெல்லாம் தரைக்குத்தான். உப்புத் தண்ணீர் பிளைவுட்டை ஊற வைக்கும், டைல்ஸ் இடுக்கில் இறங்கும், அடுக்குமாடி என்றால் கீழ்வீட்டுச் சீலிங்கில் போய் நிற்கும்.

இதற்குத்தான் பைப்பில், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே, ஒரு சின்ன ஓட்டை போடச் சொல்வார்கள். நீர் அந்த ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஓட்டையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். சில மாதம் ஓடிய தொட்டியில் அதைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி விளிம்பைச் சுற்றி ஏறியிருக்கும், உள்ளே வழவழவென்று பச்சைப் படலம், சில நேரம் ஒரு குட்டி நத்தை சரியாக அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவழி வால்வு போட்டிருக்கிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான். ஒரு மணல் துகள் சிக்கினால் வால்வு மூடாது. பைப் வாயையே மேல்மட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே வைப்பதும், சம்ப்பில் இடம் விடுவதும்தான் காப்பாற்றும்.

அடுத்தது இன்னும் மோசம். தொட்டியில் துளை போடப் பயந்து, பி.வி.சி. பைப்பை வளைத்து விளிம்பின்மேல் மாட்டி நீரை இறக்குகிறார்கள். உறிஞ்சலில் மட்டுமே ஓடுகிற ஏற்பாடு இது. உள்ளே காற்றுக் குமிழ் சேர்ந்தாலோ, கரண்ட் போய் வரும்போதோ உறிஞ்சல் அறுந்துபோனால், நீர் இறங்கும் வழி அடைபட்டது போலத்தான். பம்ப்புக்கு அது தெரியாது. கீழே இருக்கும் நீரைக் கடைசிவரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், மேல் தொட்டி வழியும், பிறகு பம்ப் வறண்டு ஓடி எரியும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். காசு கொடுத்தாவது துளை போடுங்கள். ஆனால் டஃபன்டு கண்ணாடியில் துளை போட முடியாது, டிரில் பட்டதும் சுக்குநூறாகும். சாதாரணக் கண்ணாடிதான் என்று உறுதி செய்துகொண்டு, வைர விளிம்பு பிட் வைத்து, நீர் விட்டுக்கொண்டே துளையுங்கள். முடிந்தால் இரண்டு துளை: ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று முதலாவது அடைபட்டால் மட்டும் வேலை செய்ய.

மீன் விடுவதற்கு முன்னால் சாதாரணக் குழாய்த் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். பம்ப்பை நிறுத்துங்கள். நீர் முழுக்க இறங்கி நிற்கும்வரை காத்திருங்கள். சம்ப் வழிந்தால் நீரைக் குறைத்து மறுபடி செய்யுங்கள். வழியாமல் நிற்கும் அளவு கிடைத்ததும் பம்ப்பைப் போட்டு, ஓடும்போது நீர் எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி என்றைக்கும் ஊற்றக்கூடாது. அடுத்து, இறங்கும் பைப்பைத் துணியால் அடைத்துவிட்டுப் பம்ப்பை ஓட விடுங்கள். பம்ப் அறை முழுக்கக் காலியானாலும் மேல் தொட்டி வழியக்கூடாது. வழிந்தால் பம்ப் அறை பெரிதாகிவிட்டது, தடுப்புக் கண்ணாடியை நகர்த்துங்கள். இதைச் செய்யாமல் உப்பைக் கரைக்காதீர்கள்.

நீர் கொட்டினால் துடைத்துவிடலாம். கரண்ட் அடித்தால்? கடல்நீர் குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அலமாரியின் தரையில், சம்ப்பின் பக்கத்திலேயே போட்டு வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. போர்டை உயரத்தில், பக்கச் சுவரில் அடியுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும், ஒயர்வழி வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவைக் கண்டு இணைப்பை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் கடல் தொட்டியை ஓட்டவே வேண்டாம். ரெஃப்யூஜியத்துக்கு கிளிப் விளக்கு மாட்டுகிறார்கள், அந்தக் கிளிப் உப்பில் துருப்பிடித்து ஒருநாள் விளக்கோடு நீரில் விழும். விளக்கை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். கையை நீரில் விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஆவியாகும் நீரை ஈடுகட்ட மொட்டைமாடி டேங்கிலிருந்து நேராக ஒரு பால் வால்வு இழுத்துவிடுவது நம்மூர் யோசனை. வால்வு சிக்கினால் மாடி டேங்க் முழுக்க உங்கள் தொட்டிக்குள் வரும். உப்பின் அளவு சரிந்து உள்ளே இருப்பதெல்லாம் சாகும். அதிலும் பித்தளை வால்வு கூடவே கூடாது. பித்தளையில் இருப்பது செம்பு. இறால், நத்தை, பவளம் எதுவும் செம்பைத் தாங்காது. தனியாக ஒரு சின்ன வாளியில் ஆர்.ஓ. தண்ணீர், பிளாஸ்டிக் வால்வு, அது போதும்.

கண்ணாடியை ஒட்டும் சிலிக்கானிலும் கவனம்: பூஞ்சை தடுக்கும் மருந்து கலந்த பாத்ரூம் ரகம் விஷம். வினிகர் வாசனை போகும்வரை, ஒரு வாரமாவது, காயவிடுங்கள். பழைய சிலிக்கான்மேல் புதியது ஒட்டாது, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். அக்ரிலிக் தடுப்பைக் கண்ணாடித் தொட்டியில் சிலிக்கான் வைத்து ஒட்டினால் நாளாவட்டத்தில் உரிந்து வரும்.

ரெஃப்யூஜியத்துக்குள் என்ன போடுகிறீர்கள் என்பதிலும் உயிர் இருக்கிறது. திராட்சைக் கொத்து போலவும் இறகு போலவும் இருக்கும் கலெர்ப்பா பாசி பார்க்க அழகு. ஆனால் அது இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் தன் உடலையே நீரில் கரைத்துவிடும். தொட்டி பால்போலக் கலங்கும், ஆக்சிஜன் குறையும், மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். நூல்கண்டு போல வளரும் கீட்டோமார்ஃபாவுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதையே போடுங்கள். கல் வேண்டும் என்று மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பவளக் கல் வாங்காதீர்கள். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. காய்ந்த கல்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. செராமிக் கற்கள் கடையில் கிடைக்கின்றன, பாக்டீரியா அதிலும் குடியேறும்.

வெட்டி எடுத்த பாசியைச் சாக்கடையிலோ கடலிலோ வீசவே கூடாது. 1984இல் மொனாக்கோ கடலோரத்தில், அங்குள்ள கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, ஒரு சின்னத் திட்டாகக் காணப்பட்ட கலெர்ப்பா டாக்சிஃபோலியா பிறகு மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பை மூடியது. நம் மன்னார் வளைகுடாவிலும், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைக்கஸ் பாசி குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் படர்ந்திருந்தது 2008இல் பதிவானது. மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.