அடித்தவன் மட்டும்தான் பார்த்தான்

சிறுவர்களுக்கான பேய்க்கதைகளில் பள்ளிக்கூட முரடனுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். முதல் சில அத்தியாயங்களில் நாயகனைப் பிடித்துத் தள்ளுவான், சோற்றைத் தட்டிவிடுவான். கடைசியில் நாயகனுக்கு மந்திரமோ பூதமோ துணைக்கு வந்ததும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடுவான். படிக்கிற பிள்ளைக்கு அதில் ஒரு திருப்தி. தப்பில்லை, நமக்கும் அது பிடிக்கத்தான் செய்கிறது.

பாட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) நாவலிலும் முரடன் உண்டு, பூதம் உண்டு, பூதத்திடம் முரடன் அடி வாங்குவதும் உண்டு. ஆனால் அந்த அடிக்குப் பிறகு பையனின் நிலைமை முன்னைவிட மோசமாகிறது. ஏன் அப்படி ஆகிறது என்று யோசித்ததுதான் இந்தப் பதிவு. கதையின் முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் முதலில் புத்தகத்தை முடித்துவிட்டு வரலாம், சின்னப் புத்தகம்தான்.

முதலில் அது உருவான விதம். கதையின் யோசனை நெஸ்ஸுடையது இல்லை. ஷிவான் டவுட் என்ற எழுத்தாளர் அதைத் தொடங்கிவிட்டு, எழுதி முடிக்கும் முன்பே 2007-இல் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 47. அவர் விட்டுச்சென்ற தொடக்கத்தையும் குறிப்புகளையும் வைத்து நெஸ் தன் போக்கில் எழுதினார். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. 2012-இல் எழுத்துக்கான கார்னகி பதக்கம் நெஸ்ஸுக்கும், ஓவியத்துக்கான கேட் கிரீனவே பதக்கம் ஜிம் கேவுக்கும் கிடைத்தன. ஒரே புத்தகம் இரண்டையும் வாங்கியது அதுவே முதல் முறை.

கதை இங்கிலாந்தில் நடக்கிறது. கானருக்கு 13 வயது. அம்மாவுக்குப் புற்றுநோய். அப்பா பிரிந்துபோய் அமெரிக்காவில் புதுக் குடும்பத்தோடு இருக்கிறார். பாட்டி இருக்கிறார், ஆனால் அவரது வீட்டில் எதையும் தொடக்கூடாது. வீட்டுக்குப் பின்னால் தெரியும் தேவாலயத்துக் கல்லறை நிலத்தில் ஒரு பழைய யூ மரம். நள்ளிரவு தாண்டி சரியாக 12:07-க்கு அந்த மரம் எழுந்து நடந்து ஜன்னலுக்கு வருகிறது. கானர் அதைப் பார்த்துப் பயப்படுவதே இல்லை. அவனுக்கு அதைவிடப் பயங்கரமான ஒரு கெட்ட கனவு ஏற்கெனவே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்பதை நெஸ் ரொம்ப நுணுக்கமாகப் பிடித்திருக்கிறார். அம்மாவின் நோய் எல்லாருக்கும் தெரிந்துபோன நாளிலிருந்து கானரைச் சுற்றி ஒரு வட்டம் விழுகிறது. அவன் நடந்து வந்தால் பேச்சு நிற்கிறது. ஆசிரியர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், திட்டுவதில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஒரு பையனைப் பார்த்து “பாவம், அவங்க அம்மாவுக்கு...” என்று பாதியில் நிறுத்துவோமே, அதே காரியம்தான். நிறுத்துகிறவருக்கு அது இரக்கம். அந்தப் பையனுக்கோ, தான் உள்ளே வந்ததும் அறை அமைதியாகிவிட்டது என்பது மட்டும்தான் தெரியும்.

இந்த வட்டத்துக்குள் வருகிறவன் ஹாரி ஒருவன்தான், அடிப்பதற்காக. புல்லியிங் என்பதற்குத் தமிழில் பொருத்தமான ஒற்றைச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ராகிங் என்றால் கல்லூரி விவகாரமாகிவிடுகிறது, கேலி என்றால் லேசாகிவிடுகிறது. இங்கே நடப்பது தினசரி அடி. ஹாரியும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் கானரைக் கீழே தள்ளுகிறார்கள், குத்துகிறார்கள். கானர் திருப்பி அடிப்பதும் இல்லை, யாரிடமும் சொல்வதும் இல்லை. கோழைத்தனம் என்றுதான் முதலில் தோன்றும். மெல்ல மெல்லத்தான் புரிகிறது, அவன் இதற்காகக் காத்திருக்கிறான். தனக்குத் தண்டனை வேண்டும் என்று நினைக்கிறான், அதைக் கொடுக்க ஹாரியை விட்டால் ஆளில்லை.

பெரியவர்கள் யாருமே கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். இரண்டாவது கதையைச் சொல்லும்போது பூதம் ஒரு வீட்டை இடிக்கிறது. கானரும் கூடச் சேர்ந்து ஆவேசமாக உடைக்கிறான். கண் விழித்துப் பார்த்தால் உடைந்து கிடப்பது பாட்டியின் வரவேற்பறை. பாட்டி உள்ளே வந்து பார்க்கிறார். திட்டவில்லை. வாயிலிருந்து சொல்லாக வராத ஒரு சத்தம் வருகிறது. பிறகு, மிச்சமிருந்த ஒரே அலமாரியை அவரே இழுத்துக் கீழே தள்ளுகிறார். புத்தகத்திலேயே என்னை ரொம்ப உலுக்கிய இடம் இதுதான். மகளைச் சாகக் கொடுக்கப்போகிற ஒரு அம்மா அவர் என்பது அந்த நிமிடம் வரை நமக்கும் தோன்றுவதில்லை, கானருக்கும் தோன்றுவதில்லை. மறுநாள் காலை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அப்பா காலை உணவு செய்து வைத்துக்கொண்டு, தண்டனை எதுவும் கிடையாது, அதில் என்ன பிரயோஜனம் என்கிறார். வேறு எந்தக் கதையிலும் இது நல்ல செய்தி. கானருக்கு இடி.

ஹாரி புத்திசாலி. கானர் அடி வாங்க விரும்புகிறான் என்பதை அவன் கண்டுபிடித்துவிடுகிறான். கண்டுபிடித்ததும் அடிப்பதை நிறுத்துகிறான். பெரிய மனிதன் போலக் கையை நீட்டிக் கைகுலுக்கி, இனிமேல் நீ என் கண்ணுக்குத் தெரிய மாட்டாய் என்கிற பொருளில் சொல்லிவிட்டுப் போகிறான். அதன் பிறகுதான் பூதம் பட்டப்பகலில், மதிய உணவுக் கூடத்தில், அதே 12:07-க்கு வருகிறது. பூதத்தின் மூன்றாவது கதை அங்கேதான்: யாரும் பார்க்காததால் பார்வைக்கே தெரியாமல் போன ஒரு மனிதனின் கதை. கதை முடியும்போது ஹாரி ஆஸ்பத்திரிக்குப் போகிறான். பூதம்தான் செய்தது என்கிறான் கானர். அத்தனை பேர் பார்த்ததோ கானர் அடித்ததை.

இப்போது எல்லாருக்கும் அவன் தெரிகிறான். ஆனால் பயத்தோடு பார்க்கிறார்கள், வட்டம் இன்னும் பெரிதாகிவிட்டது. தலைமையாசிரியை கூப்பிடுகிறார். விதிப்படி பள்ளியை விட்டே அனுப்ப வேண்டும். அவரும் அதைச் செய்ய மறுக்கிறார்.

இதை எழுதும்போது நீல் கெய்மனின் 'தி கிரேவ்யார்ட் புக்' (2008) ஞாபகத்துக்கு வருகிறது. அதில் நிலைமை அப்படியே தலைகீழ். குடும்பம் மொத்தமும் கொலையான பிறகு ஒரு குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துப் பேய்கள் எடுத்து வளர்க்கின்றன. பெயர் நோபடி ஓவன்ஸ், அதாவது ‘யாருமில்லை’. செல்லமாக பாட். கொலைகாரன் இன்னும் தேடிக்கொண்டிருப்பதால், அடுத்தவர் கண்ணில் படாமல் மங்கிப்போகும் வித்தையைப் பேய்கள் அவனுக்குச் சொல்லித் தருகின்றன. கானருக்குச் சாபமாக இருப்பது பாடுக்குக் கவசம். அவனும் ஆசைப்பட்டு ஒரு பள்ளியில் சேர்கிறான். அங்கே சின்னப் பிள்ளைகளை மிரட்டிக் காசு பறிக்கும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், அவர்களைப் பயமுறுத்துகிறான், ஒருவனின் கனவுக்குள்ளேயே போய் மிரட்டுகிறான். வித்தை பலிக்கிறது. ஆனால் எல்லார் கண்ணும் அவன் மேல் விழுகிறது, போலீஸ் வரை போகிறது, பள்ளி வாழ்க்கை அத்தோடு முடிகிறது.

பாடுக்குப் பின்னால் நேர்வதுதான் கொடுமை. சின்ன வயதுத் தோழி ஸ்கார்லெட்டைக் காப்பாற்றி, கொலைகாரனைப் பழைய கல்லறைக்குள் இருக்கும் ஒரு காவல் சக்தியிடம் சிக்கவைக்கிறான். அதை அவன் செய்த விதத்தைப் பார்த்த ஸ்கார்லெட்டுக்கு அவனும் ஒரு பூதமாகத் தெரிகிறான். அவள் நினைவிலிருந்து அவனையே அழித்து அனுப்புகிறார்கள். அந்தப் புத்தகத்தில் மன்னிப்புக்கு இடம் கிடைக்காத ஒரே உறவு இந்த நட்புதான் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

கானரிடம் திரும்புவோம். அவன் ஏன் தண்டனை கேட்கிறான்? அந்தக் கெட்ட கனவில் அம்மா ஒரு செங்குத்தான பாறை விளிம்பில் தொங்குகிறாள். கானர் அவள் கைகளைப் பிடித்திருக்கிறான், பிறகு விட்டுவிடுகிறான். பிடிக்க முடியாமல் நழுவியது இல்லை, அவனே விட்டது. அம்மா பிழைக்க மாட்டாள் என்பது அவனுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். இந்தக் காத்திருப்பு சீக்கிரம் முடிந்துவிட்டால் போதும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டான். அம்மா பிழைக்க வேண்டும் என்றும் முழு மனதோடு நினைத்தான். ஒரே மனதில் இரண்டும் இருக்கலாம், ஒன்று மற்றதைப் பொய்யாக்காது என்று பூதம் அவனுக்குச் சொல்கிறது. நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட எவருக்கும் இது புதிதில்லை. வெளியே சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

பூதம் யூ மரமாக வருவது சும்மா இல்லை. ஏறக்குறைய எல்லாப் பாகமும் விஷமான மரம் அது, இங்கிலாந்துக் கல்லறைகளில் நிறைய நிற்கும். அதே இனத்தைச் சேர்ந்த பசிபிக் யூவின் பட்டையிலிருந்துதான் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. கதையிலும் அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுத்துப் பார்ப்பது யூவிலிருந்து வரும் மருந்துதான். பூதம் வந்ததே அம்மாவைக் குணப்படுத்த என்று கானர் நம்பிவிடுகிறான். மருந்து கேட்கவில்லை.

லில்லியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதாகாது. அம்மாக்கள் இருவரும் தோழிகள் என்பதால் குழந்தையிலிருந்தே கூட வளர்ந்தவள். நோயைப் பற்றி முதலில் வெளியே சொன்னதும் அவள்தான், அவனுக்கு உதவுவதாக நினைத்து. கானர் அதை மன்னிக்கவில்லை. ஹாரி கும்பலை அவள் எதிர்த்து நிற்கும்போதுகூட, ஆசிரியை விசாரித்ததும் கானர் அந்தப் பயல்களுக்குச் சாதகமாகப் பேசி லில்லியை மாட்டிவிடுகிறான். ஹாரியின் சம்பவத்துக்குப் பிறகு, வகுப்பில் மடித்த ஒரு துண்டுச்சீட்டு அவளிடமிருந்து வருகிறது. சொன்னதற்கு மன்னிப்பு. பழைய நட்பு வேண்டும் என்ற ஏக்கம். கடைசியில், தன் கண்ணுக்கு அவன் தெரிகிறான் என்ற வாக்கியம். அதில் ‘நான்’ என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் கோடு கோடாகப் போட்டிருக்கிறாள்.

பூதம் அத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணிச் செய்ய முடியாததை இந்தத் துண்டுச்சீட்டு செய்துவிடுகிறது. அவர்கள் உட்கார்ந்து பேசி ராசியாகும் காட்சியெல்லாம் கிடையாது. அடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது.

2016-இல் ஜே.ஏ. பயோனா இதைப் படமாக எடுத்தார். திரைக்கதை நெஸ்ஸே எழுதியது. அதில் லில்லி இல்லை. படம் நன்றாக இருக்கிறது, பாட்டியாக சிகோர்னி வீவர் பிரமாதம். ஆனாலும் அந்தச் சீட்டு இல்லாமல் ‘பார்த்தல்’ என்ற நூல் பாதியில் அறுந்துவிடுகிறது. கெய்மனின் 'கோரலைன்' 2009-இல் படமானபோது இதற்கு நேரெதிராக நடந்தது: நாவலில் பூனையோடு தனியாகவே சமாளிக்கும் சிறுமிக்கு, வைபி என்ற பையனைத் துணைக்குப் புதிதாகச் சேர்த்தார்கள். தனியே பேசிக்கொண்டு திரிய வைக்காமல், பேச ஓர் ஆள் வேண்டும் என்ற திரைக்கதைத் தேவை அது. கானருக்கு யாரோடும் பேச்சு வார்த்தை இல்லாததுதான் கதையே, அதனால் லில்லியை எடுத்தது அங்கே சுலபமாகத் தோன்றியிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது பாட்டியும் கானரும் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நமக்குள் ஒத்துப்போகாது, ஆனால் பழகிக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறார் பாட்டி. இருவருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்றுதான், உன் அம்மா. அவன் தலையசைக்கிறான். பாட்டி வண்டியை இன்னும் வேகமாக ஓட்டுகிறார்.