டிப்ளோமாவுக்குப் பணம் கட்டும் முன் பதிவைப் பற்றிக் கேளுங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். "நானா, மகளுக்கு ரேடியோகிராபி டிப்ளோமா ஒன்று கிடைச்சிருக்கு. காசு கட்டலாமா?" இத்துறையில் இருப்பவன் என்பதால் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதை முடித்தால் இலங்கை மருத்துவ சபையில் பதிய முடியுமா? பெரும்பாலும் பதில் வராது.

மருந்தாளர்களைப் போலவே கதிர்ப்படப்பிடிப்பாளர்களும் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அச்சபையில் பதிந்திருக்க வேண்டும். சான்றிதழ் வேறு, பதிவு வேறு. பேராதனையிலும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் இதற்குப் பட்டப்படிப்பு உண்டு. 'எப்படியும் வளைகுடாவுக்குப் போய்விடலாம்' என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கும் சான்றிதழைச் சரிபார்த்து, பரீட்சையும் வைத்துத்தான் அனுமதி கொடுக்கிறார்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடலுக்குச் சேரும் கதிர் ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட். வயிற்றுக்கு எடுக்கும் சிடி ஸ்கேனில் அது 8 அளவுக்குப் போகும். பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்து, எடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும். இன்றைய டிஜிட்டல் இயந்திரம் அதையும் சரிசெய்து அழகான படமாகவே தந்துவிடும். குழந்தைக்குப் பெரியவருக்கான அளவை வைத்து எடுத்தாலும் பெற்றாருக்குத் தெரியாது, சிலவேளை வைத்தியருக்கும் தெரியாது. எடுத்தவர் மட்டுமே அறிவார், அவரும் படித்திருந்தால்.

ஆகவே ஒருமுறை படித்தது போதாது. அமெரிக்காவில் பதிவைத் தக்கவைக்க இரண்டு வருடத்துக்கு 24 தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். இங்கே நான் போன பயிற்சிகள் பலவும் என் லீவில், என் செலவில் போனவை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டப்படி எக்ஸ்ரே இயந்திரத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை இயக்குபவர் கடைசியாக எப்போது படித்தார் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.

சம்பளமும் இதோடு சேர்ந்ததே. 2024 ஜனவரியில் வைத்தியர்களின் டி.ஏ.டி. கொடுப்பனவு 35,000 ரூபாவால் கூட்டப்பட்டதும் ஏனைய சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நோயாளர்கள் அலைந்தது உண்மை, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கற்றவருக்கும் கற்காதவருக்கும் ஒரே சம்பளம் என்றால் சொந்தக் காசில் படிக்க யார் வருவார்?

மெமோகிராம் எடுக்க வரும் நம் சகோதரிகள் முதலில் கேட்பது, "பெண் ஒருவர் இல்லையா?" என்றுதான். ஆகவே மகளை இத்துறைக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பணம் கட்டும் முன், அந்தப் பாடநெறியின் பெயரைக் குறிப்பிட்டு மருத்துவ சபைக்குக் கடிதம் ஒன்று எழுதிக் கேளுங்கள்.