21 நாளுக்கு ஓர் ஊசி

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தொண்டை வலி வருகிறது. நான்கைந்து நாளில் போய்விடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால் வீங்குகிறது. அது வடிவதற்குள் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. இப்படி மூட்டு விட்டு மூட்டு தாவும் வலியோடு வரும் பிள்ளைக்கு மருத்துவர் இதயத்தையும் சோதிப்பார். அவர் சந்தேகப்படுவது ருமாட்டிக் காய்ச்சலை.

தொண்டையைத் தாக்கிய 'ஏ' வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் எதிர்ப்பாற்றல், அதே சாயலுள்ள சொந்தத் திசுக்களையும் தாக்குவதால் வரும் நோய் இது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும். மூட்டு வீக்கம் சுவடின்றி ஆறிவிடும். இதய வால்வில் விழும் தழும்பு ஆறாமல் நின்றுவிடலாம்.

இதை உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை எதுவும் இல்லை. 1944இல் அமெரிக்க மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் வகுத்த அளவுகோலே, பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் வழிகாட்டுகிறது. இதய அழற்சி, மூட்டு வீக்கம், கைகால்கள் தாமாகத் துள்ளும் கொரியா, வளையம் வளையமான தோல் தடிப்பு, தோலுக்கடியில் வலியற்ற முடிச்சுகள் என ஐந்து பெரிய அறிகுறிகள். காய்ச்சல், ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் கூடிய இ.எஸ்.ஆர். போன்றவை சிறிய அறிகுறிகள். இரண்டு பெரியவை, அல்லது ஒரு பெரியதும் இரண்டு சிறியவையும் இருந்து, அண்மையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்ததற்கான சான்றும் வேண்டும். 2015 திருத்தம், காதுக்கு எட்டாத வால்வுக் கசிவைக் கண்டறிய எக்கோ என்ற இதய ஸ்கேனையும் சேர்த்தது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனையில் எண் கூடியிருந்தாலே ருமாட்டிக் காய்ச்சல் என்று பயந்துவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது, கிருமி அண்மையில் வந்துபோனது என்பதை மட்டுமே.

சிகிச்சையின் முதல் கட்டம் எளிது. மிச்சக் கிருமியை ஒழிக்கப் பென்சிலின். மூட்டு வலிக்கு ஆஸ்பிரின் போன்ற மருந்து. ஓரிரு நாளில் வலி பறந்துவிடும். அதனாலேயே, நோயை உறுதிசெய்யும் முன்பு வலி மாத்திரை கொடுத்தால் அறிகுறி மறைந்துபோகும். இதயம் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு.

கடினமானது அடுத்த கட்டம். கிருமி மறுபடி தொண்டைக்கு வந்தால் ருமாட்டிக் காய்ச்சலும் திரும்பலாம். ஒவ்வொரு தடவையும் வால்வு மேலும் கெடலாம். அதைத் தடுக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சாத்தின் பென்சிலின் ஊசி. நம் நாட்டில் 21 நாள் கணக்கே வழக்கம். அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரைப்படி, இதயம் பாதிக்கப்படாதவர்களுக்கு 5 ஆண்டு அல்லது 21 வயது வரை, இவற்றில் எது நீண்டதோ அதுவரை. வால்வு கெட்டவர்களுக்கு 40 வயது வரைகூட, சிலருக்கு ஆயுள் முழுக்க.

நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு வலிக்கும் ஊசி எதற்கு என்று பாதியில் நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. அப்படி ஊசி நின்றுபோன சில பெண்களுக்கு, மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது முதல் பிரசவக் காலத்தில் மூச்சு வாங்கும்போதுதான் தெரியவருகிறது. பிறகு பலூன் சிகிச்சை, வால்வு மாற்று அறுவை என்று செலவும் ஆபத்தும் பெருகும்.

எனவே பெற்றோரே, ஊசித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஊர் மாறினால் பழைய மருத்துவச் சீட்டையும் எக்கோ அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் ஊசியை நிறுத்தாதீர்கள்.