மலைக்குளிரில் குறுமரம்

நுழையும்முன்

ஆலும் அரசும் வானளாவ வளர்பவை. அவற்றையே உண்கலம் அளவுள்ள தொட்டியில் முழு மரமாக வாழவைக்கும் கலை உண்டு. அக்கலையைக் கற்போர் முதலில் அறியவேண்டுவது கத்தரிக்கோலின் நுட்பத்தை அன்று. தாம் வாழும் ஊரின் பருவத்தை. சேர்வராயன் மலையில் அமைந்த ஏற்காட்டை முன்வைத்து இதனை விளக்குகிறது இப்பாடம்.

கோபுரத்தின் விரிசலில் முளைத்த அரசங்கன்றைப் பார்த்திராதவர் தமிழகத்தில் அரியர். பறவையின் எச்சத்தோடு விழுந்த விதை, ஒரு பிடி மண்கூட இல்லாத இடுக்கில் வேரூன்றி, ஆண்டுகள் பல கடந்தும் முழங்கை உயரத்திலேயே நிற்கும். அஃது இனத்தால் குட்டையானதன்று. அதே விதை குளக்கரையில் விழுந்திருந்தால், ஊரார் மேடை கட்டி அமரும் பெருமரமாகியிருக்கும். வேருக்குக் கிடைத்த இடமே மரத்தின் உயரத்தை வரையறுத்துவிட்டது.

இவ்வியல்பைக் கண்டு கலையாக்கியவர் சீனர். அந்நாட்டில் பொ.ஆ. 706இல் அமைந்த இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகளும் கற்களும் அமைந்த தட்டை ஏந்திச் செல்லும் பணியாளரைக் காணலாம். ஜப்பானுக்குச் சென்ற இக்கலை அங்கே 'போன்சாய்' எனப் பெயர் பெற்றது. தட்டில் நடப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள். தமிழில் இதனைக் குறுமரம் எனலாம்.

கவாத்தும் குறுமரமும்

மரத்தைப் பட்டினியிட்டுக் குறுக்குவதே போன்சாய் என்று பலர் எண்ணுகின்றனர். அது கொடுமை என்று வருந்துவோரும் உளர். அவ்வருத்தத்திற்கு விடை ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களிலேயே இருக்கிறது. 1820களில் சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன், சேர்வராயன் மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தார். தானாக வளரவிட்டால் காப்பிச்செடி இரண்டு ஆள் உயரத்தையும் கடந்துவிடும். தோட்டத் தொழிலாளர் நுனியைக் கிள்ளியும் கிளையைக் கழித்தும் அதனைக் கைக்கு எட்டும் உயரத்தில் நிறுத்துகின்றனர். இதற்குக் கவாத்து என்று பெயர். நீலகிரியில் இடுப்பளவு நிற்கும் தேயிலையும் இயல்பில் ஒரு மரமே. கவாத்துச் செய்த செடி நலிவதில்லை, தளிர்த்துக் காய்க்கிறது.

போன்சாயில் கவாத்து வேருக்கும் நடைபெறுகிறது என்பதே வேறுபாடு. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேர்த்தொகுதியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை நீக்கிப் புதுமண் இடுவர். நீரும் உரமும் வேளை தவறாமல் கிடைக்கும் குறுமரம், காட்டு மரத்தைவிட நெடுங்காலம் வாழ்வதும் உண்டு. பயிற்சியால் இலை சிறுத்துவிடும். பூவும் கனியும் சிறுப்பதில்லை. முழங்கால் உயர ஆரஞ்சு மரத்தில் முழு அளவுப் பழம் தொங்குவது வேடிக்கையான காட்சிதான்.

ஏற்காட்டின் குளிர் எத்தகையது?

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5° செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது பொதுவிதி. ஆகவே, அடிவாரத்தைவிட மலைமேல் ஏறக்குறைய 8° குறைவு. சேலத்தில் வாங்கிய மரத்தை மலைக்குக் கொண்டுசெல்வோர், ஒரே மணிநேரத்தில் அதனை வேறொரு தட்பவெப்பத்திற்குள் புகுத்திவிடுகின்றனர்.

ஆயினும் இக்குளிர் ஜப்பானின் குளிரன்று. மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்கள் ஆண்டுதோறும் உறங்குபவை. இலையை உதிர்த்து, 0° முதல் 7° வரையிலான குளிரைப் பல நூறு மணிநேரம் பெற்ற பின்னரே அவற்றின் மொட்டுகள் முறையாக விழிக்கும். ஏற்காட்டின் குளிர்காலம் பெரும்பாலும் 10°க்குக் கீழே இறங்குவதில்லை. உறக்கம் குறைந்த மேப்பிள் முதலாண்டு அழகாக நிற்கும். பின்னர் ஆண்டுக்காண்டு தளர்ந்து மடியும். ஆல், அரசு, இச்சி முதலியன இதற்கு நேர்மாறானவை. அவற்றுக்கு உறக்கம் வேண்டா. குளிரில் வளர்ச்சி மட்டும் ஒடுங்கும். பலாவும் பேரியும் ஒரே மலையில் காய்ப்பதே ஏற்காட்டின் இடைநிலைத் தன்மைக்குச் சான்று. அங்குள்ள பேரியும்கூட மிகுந்த குளிரைக் கோராத வகையே. இச்சி, ஆரஞ்சு, கொய்யா, மாதுளை ஆகியவற்றோடு தொடங்கும் மாணவர் ஏமாற்றம் அடைவது குறைவு.

தெரியுமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் உள்ள தேசிய மரப்பூங்காவில் ஒரு ஜப்பானிய வெண்பைன் குறுமரம் உள்ளது. 1625 முதல் பயிற்றப்பட்டு வருவது அது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் யாமாகி குடும்பத்தாரின் தோட்டச் சுவருக்குப் பின்னால் நின்று தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது, அக்குடும்பத்தின் பேரர்கள் 2001இல் காணவந்த போதுதான் பூங்காவினருக்குத் தெரிந்தது.

வேரே முதலில் நடுங்கும்

குளிரைத் தாங்கும் ஆற்றல் கிளையைவிட வேருக்குக் குறைவு. நிலத்தில் நிற்கும் மரத்தின் வேரை மண்ணின் ஆழ்ந்த வெப்பம் காக்கிறது. தொட்டிக்கு நாற்புறமும் காற்றே சூழல். உதகையைப் போல டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி படியும் ஊர்களில் இது கண்கூடு. தொட்டிமண் உறைந்தால் வேர் நீரை உறிஞ்சாது. பகல்வெயிலோ இலைகளிலிருந்து நீரை ஈர்த்துக்கொண்டே இருக்கும். நீர் இருந்தும் மரம் வறண்டுபோகும். பனிநாடுகளில் தொட்டியை விளிம்புவரை நிலத்தில் புதைத்துச் சருகால் மூடுவது இதற்காகவே. வீட்டுக்குள் கணப்பருகே வைப்பது தவறு. உறங்கவேண்டிய மரத்தை அது நடுக்குளிர்காலத்தில் எழுப்பிவிடும்.

ஏற்காட்டில் உறைபனியைவிட மூடுபனியே பெருந்தொல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை பெறும் மலை அது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின்னும் மூடுபனியால் மண் எளிதில் உலராது. வளர்ச்சி ஒடுங்கிய மரம் நீரைப் பருகுவதும் குறைவு. சமவெளிப் பழக்கத்தில் நாள்தோறும் நீரூற்றினால் வேர் அழுகும். எனவே, விரலை மண்ணுள் ஒரு கணு அளவு செலுத்தி, ஈரம் இல்லையெனில் மட்டும் நீர்விடல் வேண்டும். செங்கற்சில்லும் பருமணலும் மிகுதியாகவும் மக்கிய இலையுரம் குறைவாகவும் கலந்த மண் நீரை விரைந்து வடிக்கும். இச்சியின் வேரைக் கழிப்பதற்கு வெப்பம் நிறைந்த ஏப்ரல், மே மாதங்களே ஏற்றவை. பேரிக்கோ, மொட்டு விழிப்பதற்குச் சற்று முன்னர்.

ஊசியிலை மரத்தை வளர்ப்போர்க்கு இன்னும் விழிப்பு வேண்டும். வேர் அழுகி இறந்த பின்னும் அது சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். ஐயம் எழுந்தால் ஒரு சிறுகிளையின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்ப்பர். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் உண்டு; பழுப்பாய் உலர்ந்திருந்தால் அடுத்த கிளையைக் கீறுவர்.