மயிலையில் ஒரு வீடும் மாநிலத்தின் எல்லையும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

‘1956 நவம்பர் 1: மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன.’ வரலாற்றுத் தேர்வில் இந்த ஒரு வரியை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிட்டு, அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் 58 நாட்கள் உண்ணாமல் இருந்து உயிர்விட்டார் என்பதையும், அவர் உயிர்விட்ட வீடு நம் மயிலாப்பூரிலேயே, இராயப்பேட்டை நெடுஞ்சாலையில், 126ஆம் எண்ணில் இருக்கிறது என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாம் பேருந்தில் அந்த வழியே போகும்போது ஜன்னலோர இடத்துக்குத்தான் சண்டையிடுகிறோம். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை!

இந்தியா விடுதலை பெற்றபோது நம் மாநிலத்தின் பெயர் சென்னை மாகாணம். இன்றைய தமிழ்நாட்டோடு கடலோர ஆந்திரம், இராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதில் அடங்கியிருந்தன. 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் இதன் சட்டசபைக்கு 375 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழியினரும் ஒரே அவையில் அமர்ந்திருந்தனர். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத அந்த அவையில் சாதாரண மக்களின் குறைகளை எப்படி எடுத்துரைப்பது?

தெலுங்கு மக்களோ தங்களுக்கெனத் தனி மாநிலம் வேண்டுமென்று நெடுங்காலமாகவே கேட்டு வந்தனர். அந்த வரலாற்றிலும் மயிலைக்கு இடம் உண்டு. லஸ் பகுதியில் ‘ஸ்ரீபாக்’ என்றொரு மாளிகை இருந்தது. அதன் உரிமையாளர் காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு. தலைவலி வந்தால் அம்மா நெற்றியில் தடவும் அமிர்தாஞ்சனத்தை நாட்டுக்குத் தந்தவர் இவர்தான். நாம் விளையாடப் போகும் நாகேஸ்வரராவ் பூங்காவும் இவர் பெயரால் அமைந்ததே. 1937 நவம்பர் 16 அன்று அந்த மாளிகையில் கடலோர ஆந்திரத் தலைவர்களும் இராயலசீமைத் தலைவர்களும் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். தனி மாநிலம் கிடைத்தால் தலைநகரம், உயர்நீதிமன்றம் ஆகிய இரண்டில் ஒன்று இராயலசீமைக்கு வரவேண்டும் என்பது அதன் முக்கியப் பகுதி. மாநிலம் பிறப்பதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் பின்னாளில் அந்த உடன்பாட்டின்படியேதான் நடந்தது.

இப்போது இராயப்பேட்டை நெடுஞ்சாலை வீட்டுக்கு வருவோம். அது சட்டசபையின் முன்னாள் சபாநாயகர் புலுசு சாம்பமூர்த்தியின் இல்லம். 1952 அக்டோபர் 19 அன்று அங்கே உண்ணாநோன்பைத் தொடங்கியவர் பொட்டி ஸ்ரீராமுலு. 1901இல் நம் சென்னையிலேயே பிறந்தவர். இரயில்வேயில் வேலை பார்த்தவர். மனைவியையும் குழந்தையையும் இழந்தபின் வேலையைத் துறந்து, காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்தில் சேர்ந்தார். 1946இல் நெல்லூர்க் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அனுமதிக்கவேண்டுமென்று உண்ணாநோன்பிருந்து வெற்றியும் கண்டவர் அவர்.

பெரிய வெள்ளிக்கிழமையன்று ஒருசந்தி இருப்பதற்கே நாம் பத்து மணியிலிருந்து கடிகாரத்தைப் பார்க்கிறோம். அவர் 58 நாட்கள் இருந்தார். பிரதமர் நேரு உடனே இணங்கவில்லை. நாடு பிரிவினையின் துயரத்திலிருந்து அப்போதுதான் மீண்டு வந்தது. இந்நிலையில் மொழியால் பிரித்தால் ஒற்றுமை குலையுமோ என்பது அவருடைய அச்சம். அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. டிசம்பர் 15 இரவு ஸ்ரீராமுலு உயிர் நீத்தார். ஆந்திரப் பகுதி எங்கும் கொந்தளிப்பு, இரயில்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டில் மேலும் பலர் உயிரிழந்தனர். நான்காம் நாள், டிசம்பர் 19 அன்று, ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று நேரு அறிவித்தார்.

இத்தோடு முடியவில்லை. சென்னை நகரம் யாருக்கு? ஆந்திரத் தலைவர்கள் பலர் நகரத்தையும் சேர்த்தே கேட்டனர். தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று முழங்கினார் சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம். தியாகராய நகரில் சிலையாக நிற்பவர் அவர்தான். முதலமைச்சர் இராஜாஜியும் நகரை விட்டுக்கொடுக்க இசையவில்லை. புதிய மாநிலத்தின் தலைநகரம் அதன் எல்லைக்குள்ளேயே இருக்கும் என்று 1953 மார்ச் 25 அன்று நேரு அறிவித்தபிறகுதான் இங்கே மனம் அமைதி அடைந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிறந்தது. ஸ்ரீபாக் உடன்பாட்டின்படி தலைநகரம் இராயலசீமையின் கர்நூலுக்கும், உயர்நீதிமன்றம் குண்டூருக்கும் போயின. கர்நூலில் போதிய கட்டடங்கள் இல்லாததால் அரசு அலுவலகங்கள் கூடாரங்களில் இயங்கினவாம்!

இதைப் பற்றி வகுப்பில் பேசியபோது நமக்குள் சிறு வாக்குவாதமே வந்துவிட்டது. நம் நகரைக் கேட்ட இயக்கத்தின் தலைவரை நாம் ஏன் போற்றவேண்டும் என்றாள் ஒருத்தி. “எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுகிறோம். தாத்தாவும் இங்கேதான் பிறந்தார். அப்படியானால் இது என் ஊர் இல்லையா?” என்றாள் இன்னொருத்தி. யாரும் பதில் பேசவில்லை. நம் நகரம் நம்மிடமே இருந்தது நல்லதென்றே நாம் எண்ணுகிறோம். அதற்காக அவருடைய தியாகம் சிறிதும் குறைந்துவிடாது என்றும் எண்ணுகிறோம். அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்து மேற்கு வர்ஜீனியா 1863இல் பிரிந்தது உள்நாட்டுப் போரின் நடுவில். இங்கே அப்படிப் போர் மூளவில்லை.

ஆந்திரத்தைக் கொடுத்தபின் மற்றவர்களை மறுக்க முடியுமா? 1953 டிசம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைந்தது. 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்துக்குப் போயிற்று. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. குமரித் தமிழர்களுக்காக மார்ஷல் நேசமணி போராடிய வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று வந்து சேர்ந்தது.

எல்லை கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. ‘சென்னை மாநிலம்’ என்றே வழங்கினர். ‘தமிழ்நாடு’ என்று பெயரிடக் கோரியும் வேறு சில கோரிக்கைகளுக்காகவும் விருதுநகரில் சங்கரலிங்கனார் என்ற காந்தியவாதி 1956 ஜூலை 27இல் உண்ணாநோன்பு தொடங்கினார்; அக்டோபர் 13இல் இறந்தார். இரண்டரை மாதங்கள்! ஸ்ரீராமுலு இறந்த நான்காம் நாள் மாநிலம் அறிவிக்கப்பட்டது. இவர் கேட்ட பெயருக்கோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியபோது முதலமைச்சர் அண்ணா ‘தமிழ்நாடு’ என்று மும்முறை முழங்க, உறுப்பினர்கள் ‘வாழ்க’ என்றனர். 1969 ஜனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. அதற்குப்பின் இருபதாம் நாள், பிப்ரவரி 3 அன்று, அண்ணா மறைந்தார்.

இராயப்பேட்டை நெடுஞ்சாலை வீடு இன்று ஸ்ரீராமுலுவின் நினைவிடமாக உள்ளது. லஸ் முனையிலிருந்து நடந்தே போய்விடலாம்.