வண்டிக் கணக்கும் எடைக் கணக்கும்

நெல்லையும் பஞ்சையும் நிறுத்து விற்கும் நமது குடியானவர்கள், எருவை மட்டும் நிறுக்காமல் வாங்குகிறார்கள். முன்னே மாட்டு வண்டிக் கணக்கு. இப்பொழுது டிராக்டர்க் கணக்கு. வண்டி மாறிற்றேயன்றி வழக்கம் மாறவில்லை. இதனால் விளையும் நஷ்டம் அற்பமானதன்று என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம்.

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. எருவுக்கு அத்தகைய நிலையான எடை கிடையாது. அன்று இட்ட சாணத்தில் நூற்றுக்கு 80 பங்கு வரை தண்ணீரே. ஆதலின் அது ஏறக்குறையத் தண்ணீரின் கனமே உடையது. வைக்கோலும் சருகும் கலந்து நெகிழக் கிடக்கும் குப்பையோ, அதில் பாதி கூட இராது. 100 கன அடி கொள்ளும் பெட்டியில், கன மீட்டருக்கு 450 கிலோ உள்ள குப்பை 1¼ டன் ஏறும். 900 கிலோ உள்ள ஈரச் சாணம் 2½ டன் ஏறும். வண்டி ஒன்றே, விலையும் ஒன்றே. சரக்கு மட்டும் வேறு!

அப்படியாயின் கனத்த வண்டியே நல்ல வண்டி என்று முடிவு கட்டலாமோ? அதுவும் பிழையே. கனத்தைத் தருவது தண்ணீராயிருக்கலாம், மணலாயிருக்கலாம். உலர்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ எடையுள்ளது. இவ்விரண்டும் நீங்கிய மிச்சமே பயிருக்கு உணவாகும்.

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12½ டன், அதாவது ஏக்கருக்கு 5 டன், தொழு உரம் இடும்படி நிபுணர்கள் சொல்லுகின்றனர். நன்கு மக்கிய உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு எனக் கொண்டால், 5 டன்னில் 25 கிலோ ஆகிறது. மேற்சொன்ன இலேசான குப்பையில் 5 டன்னுக்கு 4 வண்டி வேண்டும். 2 வண்டி கொட்டிவிட்டுத் திருப்தியடைபவர் எடையிற் பாதியே இட்டவராவார். விளைச்சல் குறைந்தபின் விதையையும் மழையையும் நொந்து பயனென்ன?

யூரியா மூட்டையில் எடை 45 கிலோ, தழைச்சத்து நூற்றுக்கு 46 என்று அச்சிட்டிருக்கிறது. 1985ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவில் நகரக் கம்போஸ்டுக்கும் பின்னர் விதி செய்யப்பட்டது: ஈரம் நூற்றுக்கு 15 முதல் 25, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1 கிராமுக்குக் குறைவு. மூட்டைக்கு உள்ள நியாயம் வண்டிக்கு ஏன் இருக்கலாகாது? கூட்டுறவுச் சங்கங்கள் எருவை நிறுத்து, ஈரம் கழித்து விலை பேச முன்வர வேண்டும்.

அதுவரை குடியானவர் கை கட்டி நிற்க வேண்டுவதில்லை. 10 லிட்டர் வாளியில், வண்டியில் உள்ள நெருக்கத்திலேயே எருவை நிரப்பி நிறுக்க. வாளியின் எடை நீக்கி வந்த கிலோவை 100ஆல் பெருக்கினால் ஒரு கன மீட்டரின் எடை கிட்டும். ஒரு கிலோவை எடை குறைவது நிற்கும் வரை வெயிலில் உலர்த்துக. 300 கிராம் மிஞ்சினால், 700 கிராம் தண்ணீருக்குப் பணம் கொடுத்ததாயிற்று. ஒரு பிடியைத் தண்ணீரிற் கரைத்தால், அடியில் தங்கும் மணல் தானே சாட்சி சொல்லும்.

கிராமங்களில் ஊழியம் புரியும் அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் இது: பிரசங்கத்திற்குச் செல்லும்போது ஒரு தராசையும் உடன் கொண்டு செல்லுங்கள். ஏமாறாத குடியானவனே சுதந்திரமான குடியானவன்.